ஒரு சொட்டுச் சுங்கம்

மழைக்கு முதலாளி இல்லாத காலத்தில் அல்ல, பெய்கிற மழையையும் கம்பெனி குழாய் வைத்து அளக்கத் தொடங்கி மூன்று தலைமுறை ஆன பிறகு, நெடும்பாறை எஸ்டேட்டில் ஒரு சனிக்கிழமை மதியம், அரைநாள் கொழுந்து பறித்து நிறுத்துப் போட்டுவிட்டு விறகு பொறுக்கப் போன பூரணம், பழைய மழைமானிக் கொட்டகையைத் தாண்டி மூன்றாவது வளைவு திரும்பியதும், எப்போதும் இருக்கும் சோலைக்காட்டுக்குப் பதிலாக ஒரு நகரத்தைக் கண்டாள். தெரு இருக்க வேண்டிய இடமெல்லாம் தண்ணீர் இருந்தது. வாசல்படிகள் தண்ணீருக்குள் இறங்கின. கறுத்து நீண்ட படகுகள் மாட்டுவண்டி போலப் பொறுமையாக ஒன்றுக்கொன்று வழிவிட்டுக்கொண்டு போயின. பூரணம் ஒரு படியில் உட்கார்ந்து கால் கழுவினாள், கொஞ்ச நேரம் வேடிக்கை பார்த்தாள், அடுப்புக்கு நேரமாகிறது என்று எழுந்து, வழியில் விறகையும் பொறுக்கிக்கொண்டு தொழிலாளர் வரிசை வீடுகள் இருந்த லயத்துக்கு இறங்கி வந்தாள்.

"மேல ஒரு ஊரு வந்திருக்கு" என்றாள் குழாயடியில்.

குடத்தை இடுப்பில் ஏற்றிக்கொண்டிருந்த லில்லிபாய், "பஸ் போகுதா?" என்று கேட்டாள்.

"பஸ்ஸே கிடையாது. எல்லாம் படகுதான்."

"அப்ப ரேஷன் அரிசி?"

"அதுவும் படகுலதான் வருமா இருக்கும்."

"அங்கயாவது வருதே" என்றாள் லில்லிபாய். குடங்கள் நிறைந்தன, பெண்கள் கலைந்தார்கள்.

மாதம் ஒரு முறை பூசை வைக்க மலையேறி வரும் சாமியார் ரோமாபுரியில் படித்தவர். தூண் உச்சியில் சிறகு முளைத்த சிங்கம் நின்றதா என்று பூரணத்திடம் கேட்டார். நின்றது என்றாள். "அப்படியானால் அது வெனிஸ். இத்தாலி தேசத்து நகரம். காதலர்கள் போகிற ஊர்" என்று சொல்லிவிட்டு, கடைசிச் சொல்லுக்காக வெட்கப்பட்டவர் போலத் தன் மூக்குக் கண்ணாடியைத் துடைத்தார். இத்தாலியா, சரி, என்று சனங்கள் கேட்டுக்கொண்டார்கள். மழைக்காலத்தில் யானை வரும், தேர்தல் காலத்தில் மந்திரி வருவார், இப்போது இத்தாலி வந்திருக்கிறது. வருவது எதையும் மலை அவர்களைக் கேட்டுக்கொண்டு வரவழைத்ததில்லை.

இந்தச் செய்தியைக் கேட்டுக் கோபப்பட்டவர் ஒரே ஒருவர்தான். அவர் பூரணத்தின் கணவர் தங்கப்பழம்.

தங்கப்பழம் பள்ளிக்கூடம் போனதில்லை. கட்சிக்காரர்கள் விட்டுப்போன துண்டுப் பிரசுரங்களில் எழுத்துக் கூட்டிப் படித்தவர், ஆகையால் அவர் அறிந்த எழுத்துகளெல்லாம் ஆரம்பத்திலிருந்தே முழக்கமாகத்தான் இருந்தன. வாலிபத்தில் ஒரு பெரிய வேலைநிறுத்தத்தை நடத்தினார். தடியடியில் இடதுகை மணிக்கட்டு கோணிப்போயிற்று, கம்பெனி அவரை வேலையிலிருந்து நீக்கியது, பிறகு சேர்த்துக்கொள்ளவே இல்லை. அன்று முதல் மனைவி பேரில் உள்ள லயத்து வீட்டில், மனைவி பறிக்கும் கொழுந்தில், தலை குனியாமல் வாழ்ந்தார். கூட நின்று முழங்கியவர்கள் வேறு வேறு சங்கங்களுக்குத் தலைவராகி, கீழே டவுனில் மாடிவீடு கட்டினார்கள். கேட்ட கூலி பாதியாய்க் கிடைத்து, விலைவாசியில் கரைந்தது. பிள்ளைக் காப்பகம் கட்டித் தருவதாகச் சொன்ன இடத்தில் இன்றும் உண்ணிச்செடிதான் மண்டிக் கிடக்கிறது. அந்தப் போராட்டம் தந்தவற்றில் கரையாமல் நின்றது ஒன்றே ஒன்று: மாதாமாதம் வீட்டுக்கு ஒரு டின் அட்டை எண்ணெய்.

அட்டை கடிக்காமலிருக்கக் காலில் தடவிக்கொள்ளும் எண்ணெய் அது. வேப்பெண்ணெயில் புகையிலைச் சாறு கலந்தது, நாற்றம் நாலு தேயிலை வரிசை தாண்டி அடிக்கும். அதை வெளியூர்க்காரர்கள் அற்பமாக நினைக்கலாம். கல்யாணமான முதல் மழையிலேயே பூரணத்தின் கால் அட்டைக்கடியில் புண்ணாகி, புரையோடி, சீழ் கட்டி, அவளை முதுகில் சுமந்துகொண்டு மழைக்குள் ஆஸ்பத்திரிக்கு இறங்கியவர் தங்கப்பழம். கம்பெனி அன்றைக்கும் அவள் பெயருக்கு நேரே வேலைக்கு வராதவள் என்றுதான் போட்டது. அதற்குப் பிறகுதான் அவர் மேட்டில் ஏறி நின்று, "இந்த மலைக்கு இனி ஒரு சொட்டு ரத்தம் தரமாட்டோம்!" என்று முழங்கினார். இப்போதும் காலையில் பூரணம் வேலைக்குக் கிளம்பும்போது டின்னைத் திறந்து நீட்டுவார். அவள் தடவி முடிக்கும்வரை பார்த்துக்கொண்டு நிற்பார். வேலையே இல்லாத தன் கால்களுக்கும் தடவிக்கொள்வார். அது அவருக்குப் பட்டயம்.

அப்படிப்பட்டவர் வெனிஸைப் பற்றிக் கேட்டதும், "இது எஸ்டேட் மேனேஜர் துரையோட தந்திரம்" என்றார். "சனிக்கிழமை அரைநாள் லீவு நம்ம அப்பன் பாட்டன் ரத்தம் சிந்தி வாங்கினது. அதை வேடிக்கை காட்டியே திருப்பி வாங்கிருவான்."

"துரைக்குத் தெரியவே தெரியாதுங்க" என்றாள் பூரணம்.

"அவனுக்குத் தெரியாம இந்த மலையில மூஞ்சூறு குட்டி போடாது."

அவளுக்கு வேறு கவலை இருந்தது. இந்த மழை முடிந்தால் அவளுக்கு ஓய்வு. ஓய்வு பெற்றவர்கள் லயத்து வீட்டைக் காலி செய்ய வேண்டும் என்பது எஸ்டேட் சட்டம். இருவரும் மூட்டை கட்டி, மலையைவிட்டுத் தாமிரபரணிக் கரைக்கு இறங்கவேண்டும். மணிக்கட்டு கோணிய மனிதரை ஒரே ஒரு சனிக்கிழமையாவது அந்தப் படிக்கட்டில் தன் பக்கத்தில் உட்கார்த்திவிட வேண்டும், அதற்கு மேல் இந்த மலையிடம் கேட்பதற்கு ஒன்றுமில்லை என்று அவள் எண்ணினாள். எண்ணியதை ஒளிக்கவும் இல்லை. "இறங்குறதுக்குள்ள ஒருவாட்டி வாங்க" என்று வாராவாரம் கேட்டாள்.

அதற்குள் லயமே வெனிஸுக்குப் பழகிவிட்டது. முதலில் போனது இளந்தம்பதிகள். ஒரே அறையில் மாமனார், மாமியார், கொழுந்தன், கோழிக்கூண்டு எல்லாவற்றோடும் குடித்தனம் நடத்துகிறவர்களுக்கு உலகத்தில் தனியாக உட்கார ஓர் இடம் கிடைத்தது. கொஞ்சுவதற்குப் போனார்கள் என்று கேலி பேசினாலும், பாதிப் பேர் போனது நிம்மதியாகச் சண்டை போடுவதற்குத்தான். லயத்தில் குரலைத் தாழ்த்தித் தாழ்த்தி வயிற்றில் சேர்த்துவைத்த சண்டைகளையெல்லாம் பாலத்தின் மேல் நின்று வாய்விட்டுப் போட்டார்கள், அந்த ஊர்க்காரர்கள் அதைப் பாட்டு என்று நினைத்துக் கை தட்டினார்கள். அங்கே சந்துகளெல்லாம் தேயிலை நிரைபோல ஒற்றை ஆள் போகும் அகலம், ஆகையால் நெடும்பாறைக்காரர்கள் யாரும் வழி தவறவே இல்லை. பெண்கள் மாளிகைச் சுவரில் படர்ந்த கொடியைக் கண்டால் கை நிற்காமல் இரண்டு இலை ஒரு மொட்டு என்று கிள்ளி முந்தானையில் போட்டுக்கொண்டு, அப்புறம் நாக்கைக் கடித்துக்கொண்டார்கள். லில்லிபாய் தேயிலைத்தூள் கொடுத்து பூப்பின்னல் துணி வாங்கி வந்து ஆட்டுக்கொட்டிலுக்குத் திரை போட்டாள். சனிக்கிழமை மாலைகளில் புறாக்கள் அவர்கள் பின்னாலேயே இறங்கிவந்து, முற்றத்தில் காயும் அரிசியைக் கொத்திவிட்டு, ஞாயிறு மாலை திரும்பிப் போயின.

ஒரு வாரம் தங்கப்பழமும் கிளம்பினார். பூரணத்தின் நச்சரிப்புக்காக அல்ல, நேரில் ஆய்வு செய்வதற்காக என்று சொல்லிக்கொண்டார். வெள்ளைச் சட்டையும் சிவப்புத் துண்டும் போட்டு, முழங்கால்வரை எண்ணெய் பூசி, ஊர்வலத்துக்குப் போகிறவர் மாதிரி முன்னால் நடந்தார். மூன்றாவது வளைவில் திரும்பிப் பார்த்தபோது பூரணம் இல்லை. அவருக்கு முன்னால் சோலைக்காடு இருந்தது, மூடுபனியாய் மஞ்சு இருந்தது, ஒரு குரங்கு இருந்தது. அவர் மழைமானிக் கொட்டகையில் போய் உட்கார்ந்தார். சாயங்காலம் பூரணம் வந்து பார்த்தபோது, "காவல் இருந்தேன்" என்றார். லயத்தில் எல்லாரும், அண்ணாச்சி காவல் இருக்கிற தைரியத்தில்தானே நாங்கள் போய்வருகிறோம் என்றார்கள். அந்தச் சனங்களுக்கு இரக்கம் இருந்தது. அவர்கள் கையில் எப்போதும் தட்டுப்பாடில்லாமல் இருந்த பொருள் அது ஒன்றுதான்.

சேதி துரைக்கு எட்டியது. எட்டியதும் அவர் செய்தது, முதலாளிமார் எந்த அதிசயத்துக்கும் செய்வதுதான்: குறுக்கே ஒரு கேட் போட்டார். மலையேற்றப் பாதை, தம்பதிகளுக்கு மட்டும், வார இறுதிச் சலுகை என்று பலகை வைத்தார். சென்னையிலிருந்தும் பெங்களூரிலிருந்தும் கணவனும் மனைவியுமாகக் காரில் வந்து இறங்கினார்கள். அட்டை ஏறாதபடி முழங்கால்வரை தடித்த உறை மாட்டி, ஊன்றுகோல் பிடித்து, ஒருவரையொருவர் படம் எடுத்துக்கொண்டு ஏறினார்கள். மூன்றாவது வளைவில் குரங்கைப் பார்த்துவிட்டு இறங்கினார்கள். துரை தானே பூட்ஸ் போட்டு ஏறிப் பார்த்தார். குரங்கு அவரையும் பார்த்தது. அப்படியும் அவர் கேட்டை எடுக்கவில்லை. தனக்குக் கிடைக்காதது பிறருக்குக் கிடைக்கக்கூடாது என்று பூட்டுப் போட்டார்.

பூட்டு விழுந்ததும் தங்கப்பழத்துக்கு இருபது வயது குறைந்தது. வெனிஸ் இருக்கிறதா இல்லையா என்பதெல்லாம் அவருக்கு இப்போது இரண்டாம்பட்சம், பாதை சனங்களுடையது. குழாயடி மேட்டில் ஏறி நின்று பேசினார். கோணிய மணிக்கட்டை உயர்த்தியபோது வயசாளிகள் சிலருக்குக் கண் கலங்கியது. அடுத்த சனிக்கிழமை மதியம் மூன்று லயமும் திரண்டது. கேட்டுக்கு முன்னால் வரிசை நின்றதும், தங்கப்பழம் எண்ணெய் டின்னைத் திறந்து கையில் பிடித்துக்கொண்டு சொன்னார்:

"தோழர்களே, மேலே போகும்போது நாம யாருன்னு மறக்கக்கூடாது. நாம போராடி வாங்கினதைப் பூசிக்கிட்டுத்தான் போகணும். ஒவ்வொருத்தரா வாங்க."

பெண்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். லில்லிபாய் ஏதோ சொல்ல வாயெடுத்தாள். பூரணம் அவள் கையைக் கிள்ளினாள். பிறகு பூரணமே முதல் ஆளாகப் போய் காலை நீட்டினாள். அவளுக்குப் பின்னால் சனம் முழுவதும், கிழடு, இளசு, கைக்குழந்தைவரை பூசிக்கொண்டது. கேட் ஒரே தள்ளில் விழுந்தது. முழக்கம் மலையில் மோதி இரண்டு மடங்காகத் திரும்பிவந்தது. மழைமானிக் கொட்டகை தாண்டினார்கள், முதல் வளைவு, இரண்டாவது வளைவு, மூன்றாவது வளைவு.

குரங்கு இத்தனை பேரை எதிர்பார்க்கவில்லை. அது மரத்தில் ஏறிக்கொண்டது.

அண்ணாச்சி, இன்னைக்கு மஞ்சு அதிகம், என்று ஒருவன் சொன்னான். கூட்டம் முழக்கமில்லாமல் இறங்கியது. ஊர்வலம் கலைந்து இறங்கும் காலடிச் சத்தத்தைத் தங்கப்பழம் வாழ்நாளில் பலமுறை கேட்டிருக்கிறார். இது அவற்றிலெல்லாம் கனமாக இருந்தது.

வீட்டுக்கு வந்து அவர் சாப்பிடாமல் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தார். பூரணம் அடுப்பைத் தணித்துவிட்டு எதிரில் வந்து உட்கார்ந்தாள்.

"ஒண்ணு சொல்லுதேன், கோவப்படாதீங்க. அங்க போனவங்க எல்லாருக்கும் காலுல ஒரு கடியாவது இருக்கும். ரத்தம் வழியும். அந்தப் படியில உக்காந்து கழுவுனாத்தான் நிக்கும். கடிபடாதவங்களுக்கு அந்த ஊரு தெரியாது."

"நீ தெனமும் எண்ணெய் போடுதியே. அப்புறம் எப்படிப் போன?"

அவள் முந்தானை நுனியைச் சுருட்டினாள்.

"போட்டுட்டு ஓடையில கழுவிருவேன்."

"எப்ப இருந்து?"

"நீங்க வாங்கிக் குடுத்த அந்த வருசத்துல இருந்து. நாத்தம் கொழுந்துல ஏறுதுன்னு கணக்கப்பிள்ளை எடையில பிடிச்சாரு. நான் மட்டும் இல்ல. எல்லா பொம்பளைங்களும்தான். ஓடைக்கரையில கூட்டமா நின்னு கழுவுவோம்."

தங்கப்பழம் எண்ணெய் டின்னின் மூடியைத் திறந்து பார்த்தார். அவர் ஜெயித்த ஒரே போராட்டம் தினமும் காலையில் ஓடையில் போய்க்கொண்டிருந்திருக்கிறது. ஓடை முழுக்கத் தெரிந்த சங்கதி, லயம் முழுக்கத் தெரிந்த சங்கதி, முப்பது வருஷமாக ஒரு வாய் கசியவில்லை. எந்தச் சங்கமும் இவ்வளவு கட்டுப்பாடாக இருந்ததில்லை.

"ஏன் எங்கிட்ட சொல்லல?"

"என்னன்னு சொல்ல? கை ஒடிஞ்சு, வேலையும் போயி நின்னீங்க. அந்த டின்னைப் புள்ளை மாதிரி தூக்கிட்டு வந்தீங்க. எந்த வாயால சொல்ல?"

அவர் துண்டை உதறித் தோளில் போட்டார். "அப்ப அந்த ஊருக்கும் சுங்கம் ரத்தம்தானா? கம்பெனி கேட்டான், மலை கேட்டுது, இப்ப இத்தாலியும் கேக்குதா? நான் சொன்ன சொல்லு சொன்னதுதான். ஒரு சொட்டுத் தரமாட்டேன்."

"வர்ற சனிக்கிழமைதான் கடைசிங்க."

"எனக்குத் தெரியும்."

கடைசிச் சனிக்கிழமை தங்கப்பழம் முழங்கால்வரை எண்ணெய் பூசி, சிவப்புத் துண்டு போட்டு, ஒரு சாக்கை விரித்து, மூன்றாவது வளைவில் நடுப்பாதையில் சம்மணமிட்டு உட்கார்ந்தார். மறியல். யாரை எதிர்த்து என்று பூரணம் கேட்டதற்கு, மலையை எதிர்த்து என்றார். கோரிக்கை ஒன்றுதான்: ரத்தம் வாங்காமல் வழிவிட வேண்டும். பூரணம் சிரிக்கவில்லை. கணவர் மறியலுக்கு உட்கார்ந்தால் சாப்பாடு எங்கே கொண்டுபோக வேண்டும் என்று மட்டும் அறிந்தவள் அவள். "நான் கீழ்ப்படியில உக்காந்திருப்பேன். எலுமிச்சஞ்சோறு கட்டியிருக்கேன்" என்று சொல்லி, அவரைச் சுற்றிக்கொண்டு போனாள், போன இடத்தில் மஞ்சு மூடியது.

மழை வந்தது. சாரலாய்த் தொடங்கி, தூறலாகி, பிறகு மலைமழையாகவே பெய்தது. எதிர்த்தரப்பு அடக்குமுறையில் இறங்கிவிட்டது என்று தங்கப்பழம் நிமிர்ந்து உட்கார்ந்தார். கண்ணை மூடிக்கொண்டு முழங்கினார். பதில் முழக்கம் சொல்ல ஆளில்லாததால் அதையும் தானே சொன்னார். மழை அவர் தலைவழி இறங்கி, துண்டின் சாயத்தை இறக்கி, முழங்காலில் பளபளத்த எண்ணெயை விரல்விரலாகக் கழுவிக்கொண்டுபோய்ப் பாதையில் விட்டது. அவருக்கு அது தெரியவில்லை. தெரிந்திருந்தாலும் எழுந்திருக்கமாட்டார், மறியலில் இருப்பவன் எழுந்தால் மறியல் முடிந்தது. அவர் தொண்டை கம்மியபோது மழை நின்றிருந்தது. தண்ணீர் எதிலோ மெல்ல மோதுகிற சத்தம் கேட்டது. கண்ணைத் திறந்தார். சாக்கு அப்படியே இருந்தது, சம்மணம் அப்படியே இருந்தது, அடியில் மட்டும் பாதை இல்லை. தேய்ந்த வெள்ளைக் கல்படி இருந்தது. நடந்து போனவர்களுக்கு வழிவிட்ட நகரம், நகரமாட்டேன் என்றவரைத் தேடித் தானே வந்திருந்தது.

பக்கத்தில் பூரணம் எலுமிச்சஞ்சோறு தின்றுகொண்டிருந்தாள்.

"வந்துட்டீங்களா?"

"நான் வரல. நான் மறியல்ல இருக்கேன்."

"இருங்க. ஒரு வாய் தின்னுட்டு இருங்க."

அவர் தின்றார். கணுக்காலில் ஏதோ குளிர்ந்தது. குனிந்து பார்த்தார். கொழுத்து உருண்ட அட்டை ஒன்று, அவர் பார்த்துக்கொண்டிருக்கும்போதே, பழுத்த நாவல்பழம் மாதிரித் தானாகக் கழன்று படியில் விழுந்தது. சிவப்பு நூல் ஒன்று காலிலிருந்து கல்லுக்கு இறங்கியது.

"நான் குடுக்கல" என்றார் தங்கப்பழம். "அதுவா எடுத்துக்கிட்டுது."

"ஆமா. நான் சாட்சி."

அவர் அந்த அட்டையை விரலால் புரட்டிப் பார்த்தார். பிறகு, வாழ்நாள் முழுக்கப் படித்த பிரசுரங்களில் எதிலும் இல்லாத ஒன்றைச் சொன்னார்: "இது பரவால்லளா பூரணம். வயிறு நெறஞ்சதும் விட்டுருச்சு பாரு. கம்பெனி விட்டிருக்கானா?"

பூரணம் சிரித்தாள். பக்கத்துப் படகிலிருந்த காதலர்கள் திரும்பிப் பார்த்தார்கள். அவர் தண்ணீரில் கால் வைத்தார், அவளும் வைத்தாள், ரத்தம் நின்றது. கோபுரங்களையும் மாளிகைகளையும் அவள் காட்டக்காட்ட அவர் ஆகட்டும் ஆகட்டும் என்று தலையாட்டினாரே தவிர, அவர் கண் எதிர்ப்பாலத்தில் இருந்தது. அங்கே ஒருவன் பெட்டிகள் அடுக்கிய கைவண்டியைப் பாலத்துப் படிகளில் ஒவ்வொன்றாக இழுத்து ஏற்றிக்கொண்டிருந்தான். ஒவ்வொரு படிக்கும் நின்று மூச்சு வாங்கினான். காதலர்கள் அவனைச் சுற்றிக்கொண்டு போனார்கள்.

"இங்கயும் இருக்கான் பாரு நம்மாளு" என்று எழுந்தார் தங்கப்பழம்.

பூரணமும் எழுந்தாள். வெனிஸ் நகரத்துப் பாலத்தில், தேய்ந்த சிவப்புத் துண்டுக்காரர் கோணிய கையாலும், கொழுந்துக் கறை படிந்த கைக்காரி இரு கையாலும் கைவண்டியைத் தள்ளினார்கள். சந்து போல் ஒடுங்கிய பாலம்தான். ஆனால் வண்டிக்குப் பின்னால் தோள்கள் இடித்துக்கொண்டு இருவர் நிற்க இடம் இருந்தது. கல்யாணமான நாளிலிருந்து நிரைகளுக்குள் ஒருவர் பின் ஒருவராகவே நடந்தவர்கள் அவர்கள். உச்சியில் ஏறியதும் வண்டிக்காரன் வேர்வையைத் துடைத்துக்கொண்டு தன் மொழியில் ஏதோ கேட்டான். தங்கப்பழம் தமிழில் விடை சொன்னார். கூலி விஷயமாகத்தான் இருக்கும், வெகுநேரம் பேசிக்கொண்டார்கள்.

மூட்டையோடு மலை இறங்கிய நாளில், செக்போஸ்ட்டில் காவலாளி பஸ்ஸை நிறுத்தினான். வெளியேறுகிறவர்களின் சாமான்களைச் சோதித்து, கம்பெனிப் பொருள் இருந்தால் பிடுங்கவேண்டும் என்பது உத்தரவு. பாத்திரம், பாய், காலி எண்ணெய் டின், எல்லாவற்றையும் கிண்டினான். பூரணத்தின் மடியில் ஓர் ஊறுகாய்ப் பாட்டில் இருந்தது. உள்ளே ஈரப்பாசி, பாசிக்குள் கறுப்பாக இரண்டு அசைந்தன.

"என்ன அண்ணாச்சி இது, அட்டையா? எஸ்டேட் எல்லைக்குள்ள பிடிச்சதா?"

"அட்டை மலையோடது" என்றார் தங்கப்பழம். "அது வயித்துல இருக்கிறது எங்க ரெண்டு பேரு ரத்தம். இதுல கம்பெனிக்கு எது சொந்தம்வே? சொல்லும் பாப்போம்."

காவலாளி பாட்டிலை வாங்கி ஒருமுறை குலுக்கிப் பார்த்தான். பாட்டிலைத் திருப்பிக் கொடுத்தான்.

"கீழ வெயில் ஊர்ல இதை வெச்சுக்கிட்டு என்ன செய்யப் போறீங்க?"

தங்கப்பழம் பாட்டிலைப் பூரணத்தின் மடியில் பத்திரமாக வைத்து, வெயில் படாமல் தன் சிவப்புத் துண்டால் மூடினார்.

"சனிக்கிழமை ஆச்சுன்னா நானும் அவளும் வெளியூர் போகணும்லா" என்றார். "கேட்டைத் தெறவும்வே."